ஒத்துப்போனால்

கரமனை, திருவனந்தபுரம்
6-10-2001

அன்புள்ள மாடம்மாளுக்கு,

சிவகாமி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பையன், மருமகள், பேத்தி சுஜா எல்லாரும் சுகந்தானே?

உன் அண்ணனைக் காணவில்லை என்று ஏப்ரல் மாதம் உன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "என்ன சட்டை போட்டிருந்தான் மதினி?" எனக்குப் பதில் தெரியவில்லை. சாலை பஜாரில் தன் பழைய கடைக்குக் கணக்கெழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வேலையை விட்டு வருஷங்கள் ஆனது அவருக்கு மறந்துபோயிருந்தது. அதற்கு முன்பும் அப்படிப் போயிருக்கிறார். கடைக்காரர்களே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அன்று அவர் கடைக்குப் போய்ச் சேரவே இல்லை.

சட்டையின் நிறம் இப்போது எனக்கு ஞாபகம் வந்தாலும் பயனில்லை. சென்ற வாரம் விழிஞ்ஞத்தில், பாறைகளுக்கு நடுவே, மீன்பிடிக்கிறவர்கள் சில எலும்புகளைக் கண்டு போலீசில் சொல்லியிருக்கிறார்கள். தலை இல்லை. துணி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆண், அறுபதுக்கு மேல், நல்ல உயரம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உன் அண்ணனும் அப்படித்தான். ஆனால் அப்படி ஊரில் எத்தனையோ பேர்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "டீச்சரே, இது நயினார் பிள்ளை சார்தானா இல்லையான்னு உறப்பாச் சொல்ல முடியாது கேட்டோ. ரத்த பந்தமுள்ள ஒரு ஆளு வேணும்."

இங்கே டி.என்.ஏ. சோதனை செய்கிற ஆய்வகம் ஒன்றில் என்னிடம் படித்த ஆதிரா வேலை பார்க்கிறாள். எலும்பைப் பொடித்து, அதிலிருந்து அடையாளத்தை எடுத்துவிட முடியுமாம். ஆனால் எதோடு ஒப்பிடுவது? அவர் சீப்பைக் கொடுத்தேன். அதில் என் முடியும் கலந்திருக்கிறது, நம்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளையில்லை. உன் அப்பா, அம்மா எப்போதோ போய்விட்டார்கள். அவரோடு ஒரு வயிற்றில் பிறந்தவள் நீ ஒருத்திதான்.

நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். போலீஸ் கடிதம் ஒன்று இத்தோடு வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு அங்கே அரசு மருத்துவமனைக்குப் போனால், விரல் நுனியில் குத்தி, ஒரு அட்டையில் சொட்டு ரத்தம் வைத்து, உலர்த்தி, அவர்களே அனுப்பிவிடுவார்கள். சோளத்தட்டை கீறியதைவிடக் குறைவாகத்தான் வலிக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல். சீக்கிரம் எழுது.

உன் மதினி,
சிவகாமி


கட்கி, புனே
29-10-2001

மதினி அவர்களுக்கு மாடம்மாள் வணக்கம்.

நாங்கள் எல்லாரும் சுகம். தங்கள் சுகத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத முடியவில்லை, எனக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சுக்குக் காப்பி தினமும் இரண்டு வேளை போட வேண்டியிருக்கிறது.

எலும்பு விஷயம் படித்துச் சோறு இறங்கவில்லை. அண்ணனாக இருக்காது மதினி. அண்ணனுக்குக் கடல் என்றாலே பிடிக்காதே. விழிஞ்ஞத்துக்கு எதற்குப் போகப் போகிறான்?

ரத்தம் தருவது பெரிய காரியமில்லை. காய்ச்சல் விட்டதும் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், நீங்கள் சயன்ஸ் டீச்சர், உங்களுக்குத் தெரியும். அந்த ரத்தத்தில் அண்ணனா இல்லையா என்பது மட்டுந்தான் தெரியுமா? வேறு ஏதாவதும் தெரியுமா?

சுஜா யு.கே.ஜி. போகிறாள். மராத்தியில் பாட்டுப் பாடுகிறாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாடம்மாள்


கரமனை
5-11-2001

அன்புள்ள மாடம்மாளுக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீர் குடி. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

நல்ல கேள்வி கேட்டாய். என் வகுப்பில் நீ இருந்திருந்தால் முன் பெஞ்சில் உட்காரவைத்திருப்பேன். உறைமோரை எடுத்துக்கொள். உன் அம்மா வீட்டுத் தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு நீ புனேக்குப் போகிறாய். இன்னொரு கரண்டியை உன் அண்ணன் கரமனைக்குக் கொண்டுவருகிறார். பால் வேறு, பாத்திரம் வேறு, ஊர் வேறு. ஆனாலும் இரண்டு வீட்டிலும் தயிரை உறையவைப்பது அந்த ஒரே மோர்தான். அப்படி, தாயிடமிருந்து மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறாமல் வருகிற ஒன்று நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. எலும்பில் எவ்வளவு காலமானாலும் அது தாக்குப்பிடிக்கும். எலும்பிலிருப்பதும் உன் ரத்தத்திலிருப்பதும் ஒன்றாக இருந்தால் அது உன் அம்மா வீட்டு மோர்.

வேறென்ன தெரியும் என்று கேட்டாயே. யார் யாருடைய பிள்ளை என்பது தெரியும். ஊரெல்லாம் சேர்ந்து ஒரு கதை சொன்னாலும் ரத்தம் உண்மையைத்தான் சொல்லும். இதற்காகத்தான் நீதிமன்றத்தில்கூட இதை ஏற்கிறார்கள். ஆகையால் தப்பு நடந்துவிடுமோ என்று நீ பயப்படவே வேண்டாம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நவராத்திரிக்கு எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி கொலுவுக்குக் கூப்பிட்டாள். போயிருந்தேன். புறப்படும்போது மாமி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்திலிருந்தவளுக்கு வைத்தாள். என் முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. "டீச்சர், நீங்களே... எடுத்துக்கறேளா?" என்று சிமிழை நீட்டிவிட்டு, கொலுப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வைப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லையே. நானே எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் யாரையோ ஏமாற்றியதுபோல் இருந்தது.

மாடம்மா, அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த மாதமே போய் ரத்தம் கொடுத்துவிடு.

உன் மதினி,
சிவகாமி


கட்கி
14-12-2001

மதினி அவர்களுக்கு,

சுகம். தங்கள் சுகமறிய ஆசை.

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று புறப்பட்ட அன்று டாக்டர் எனக்கு ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடு என்று சொன்னார். பையனும் நாசிக் போயிருக்கிறான். துணைக்கு ஆளில்லை. நேற்றுக் கடைத்தெருவுக்குப் போய் நாலு முழ வேட்டி இரண்டு எடுத்துக்கொண்டு வந்ததற்கே மூச்சு வாங்குகிறது.

யோசித்துப் பார்த்தேன். அண்ணன் எங்கேயோ இருக்கிறான் என்றே இருந்துவிட்டால் என்ன மதினி? நீங்கள் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்? சில விஷயத்தைத் தோண்டாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

மாடம்மாள்


கரமனை
20-12-2001

அன்பு கிரீஷுக்கு,

பெரியம்மாவின் ஆசிகள். புனேயில் உன் கம்பெனிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? தங்கச்சி கவலைப்படுவாள் என்று உன் அம்மாவுக்கு நான் இங்கே நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

உன்னிடம் ஒரு காரியம் ஒப்படைக்கிறேன். கட்கியில் பெரியப்பாவின் தங்கை மாடம்மாள் அத்தை இருக்கிறாள் அல்லவா? ரத்தம் கொடு என்று அக்டோபரிலிருந்து கேட்கிறேன். முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு ரத்தம் குறைவு என்றாள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் யாருக்கு ரத்தம் குறையும்? வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு வேறு காரணம் இருக்கும்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவள் வீட்டில் தினமும் இரண்டு வேளை சுக்குக் காப்பியாம். எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தில் சுக்குக் காப்பி குடிக்கிறவர் உன் பெரியப்பா ஒருவர்தான். நாலு முழ வேட்டி வாங்கினாளாம். அவள் மகன் வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. அவள் புருஷன் போய்ப் பத்து வருஷம் இருக்கும். "அண்ணன் எங்கேயோ இருக்கிறான் என்றே இருக்கட்டும்" என்று எழுதுகிறாள். காணாமல் போன அண்ணனைப் பற்றி ஒரு தங்கை இப்படியா எழுதுவாள்? அவரைப் பற்றி ஏதாவது சேதி வந்ததா என்று ஒரு கடிதத்திலும் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவள்தானே கேட்காமலிருப்பாள்?

ஒருவேளை அவர் என்னை மறந்து, சின்ன வயது மட்டும் ஞாபகமிருந்து, ரயிலேறித் தங்கையிடம் போயிருக்கலாம். மறதிக்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு. அவள் எதற்காக மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போ. என்ன பார்த்தாயோ அதை மட்டும் எழுது.

பெரியம்மா


புனே
2-1-2002

மரியாதைக்குரிய பெரியம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். பள்ளியில் மலையாளம் படித்தவன் எழுதும் தமிழ். சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவு திறந்திருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி, நாலு முழ வேட்டியில், வழுக்கைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்து டம்ளரில் எதையோ ஆற்றிக்கொண்டிருந்தார். சுக்கு வாசனை. "பெரியப்பா!" என்று கத்திவிட்டேன்.

திரும்பினார். வேறு முகம். "யாருக்குடே பெரியப்பா? எனக்குத் தம்பியே கிடையாதே!" என்றார். அவர் அத்தையின் சம்பந்தி, மருமகளின் அப்பா. வள்ளியூரிலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கியிருக்கிறார். காப்பியும் வேட்டியும் அவருக்குத்தான்.

ஆனாலும் நீங்கள் சொல்லியிருந்தீர்களே என்று, முகம் கழுவப் போகிற சாக்கில் இரண்டு அறையையும் பார்த்தேன். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஒரு பூசணிக்காய் இருந்தது. பெரியப்பா அங்கே இல்லை பெரியம்மா. இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

அத்தை என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. "வா மக்கா. உங்க பெரியம்மா பாட்டில் குடுத்து விட்டிருக்காளா, ரத்தத்துக்கு?" என்றாள்.

"ஒரு சொட்டுப் போதும் அத்தை."

"ஒரு சொட்டுக்குள்ள எல்லாம் இருக்குமோ?"

"எல்லாமே இருக்கும்."

"பொய் சொல்லாதா அது?"

"ஆளுதான் அத்தை பொய் சொல்லும். அது சொல்லாது."

"சரி, தோசை திண்ணு" என்று உள்ளே போய்விட்டாள். வந்த தோசை எல்லாம் ஒரு பக்கம் கருகியிருந்தது. தோசை சுடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

புறப்படும்போது படி வரைக்கும் வந்தாள். "உங்க பெரியம்மா இப்பமும் பொட்டு வைக்காளா?" என்று கேட்டாள். வைக்கிறார்கள் என்றேன். "வைக்கட்டும். அப்படியே இருக்கட்டும், கேட்டியா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

என் அபிப்பிராயம் கேட்டால், அத்தை எதையோ மறைக்கிறாள். ஆனால் பெரியப்பாவை இல்லை.

உங்கள் கிரீஷ்


கரமனை
9-1-2002

மாடம்மாளுக்கு,

சுகந்தானே?

நான் கிரீஷை அனுப்பியது உனக்குப் புரிந்திருக்கும். மறைக்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் அனுப்பினேன். அவர் அங்கே இல்லை என்று எழுதிவிட்டான். என் சந்தேகம் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் உனக்கு எங்கிருந்தாவது எழுதுகிறாரா? யாருடனாவது இருக்கிறாரா? அது எனக்குத் தெரிந்தால் நான் தாங்க மாட்டேன் என்று நினைக்கிறாயா? அல்லது பூதப்பாண்டியில் உங்கள் பூர்வீக வீட்டில் அவருடைய பங்கு என் பெயருக்கு வந்துவிடும் என்ற பயமா? அந்த வீட்டை நீயே வைத்துக்கொள். இதையெல்லாம் எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் எதைத்தான் நினைப்பது?

எஸ்.ஐ. நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "டீச்சரே, பிணவறையில இன்னும் வைக்க ஒக்காது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஆளு வரலேன்னா கார்ப்பரேஷன்காரங்க எடுத்துட்டுப் போயி அடக்கிடுவாங்க." அனாதை என்று ஒரு நம்பர் போட்டுப் புதைத்துவிடுவார்கள். உன் அண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறதில்கூட ஒழுங்கு பார்க்கிற மனிதர். அவரா அது என்று தெரியாமலே மண்ணைப் போடப் போகிறார்கள்.

கூடப் பிறந்தவளாக இருந்தால் நீ இப்படி இருப்பாயா?

சிவகாமி


கட்கி
5-2-2002

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அரிசிப் பானையில் போட்டுவிட்டேன். பிறகு தினமும் அரிசி அளக்கும்போது கையில் பட்டது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

நீங்கள் கேட்டதுதான் மதினி. நான் கூடப் பிறந்தவள்தானா என்று எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பிறகு நான். என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். தோவாளையிலிருந்து பூக்கொண்டு வருகிற ஒருத்தியிடம் இரண்டு படி தவிடு கொடுத்து வாங்கினார்களாம். விலைக்கு வாங்கின பிள்ளையை எமன் தேடமாட்டான் என்று, பெற்ற பிள்ளையையே முறத்தில் போட்டு ஒருத்தி கையில் கொடுத்துத் திரும்ப வாங்குவது நம் பக்கத்து வழக்கம் என்று எனக்கும் தெரியும். எந்த வீட்டில்தான் பிள்ளையை அப்படிக் கேலி செய்யவில்லை? சென்ற மாதம்கூட சம்பந்தி எங்கள் சுஜாவிடம், "உன்னைத் தவிட்டுக்குத்தாம்ட்டீ வாங்கினோம்" என்றார். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

ஆனால் அந்தப் பூக்காரி வருஷா வருஷம் வருவாள் மதினி. எனக்கு மட்டும் தனியாக ஒரு பந்து பிச்சிப்பூ கொண்டுவருவாள். என் தலையைத் தடவிக்கொண்டே நிற்பாள். நான் அவள் போலக் கறுப்பு. அண்ணனும் அப்பாவும் அம்மாவும் நல்ல நிறம். சண்டை வந்தால் அண்ணன், "போட்டீ, உங்க அம்மை தோவாளையில இருக்கா, அங்க போ" என்பான். ஒரு நாள் அம்மாவிடம் நேரே போய்க் கேட்டேன். அம்மா சிரித்தாள். "ஆமா, ரெண்டு படி. இப்பம் கேட்டா ஒரு படிதான் குடுப்பேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு நான் கேட்கவில்லை. அம்மா போய்விட்டாள்.

இத்தனை வயதுக்குப் பிறகு அதை நினைப்பதே இல்லை. நீங்கள் உறைமோர் என்று எழுதினீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஊரெல்லாம் சேர்ந்து கதை சொன்னாலும் ரத்தம் உண்மையைச் சொல்லும் என்று எழுதினீர்கள். நான் பயப்பட வேண்டாம் என்றுதான் எழுதினீர்கள் என்று தெரியும்.

இதை யாரிடம் சொல்வேன்? ரத்தம் ஒத்துப்போனால் நான் அவன் தங்கை. ஆனால் அண்ணன் உயிரோடு இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அண்ணன் எங்கேயாவது இருக்கலாம். ஆனால் நான் யாரோ. கோவிலில் போய் நின்றேன். எதற்கு வேண்டிக்கொள்வது? மனது என்னை அறியாமல் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டுவிட்டது. அவன் சாவை அல்லவா கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு கோவிலுக்குப் போகவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதவும் கை வரவில்லை.

வீட்டுப் பங்குக்காக இல்லை மதினி. அந்த வீடு உங்களுக்கே இருக்கட்டும்.

மாடம்மாள்


கரமனை
12-2-2002

என் அன்புள்ள மாடம்மாளுக்கு,

சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை முடியவில்லை. அதெல்லாம் வெறும் கேலி என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பவும் வேண்டாம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

ஆனால் உன் கணக்கு சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஒத்துப்போகக் கூடாது. உனக்கு ஒத்துப்போக வேண்டும். தராசில் இந்தத் தட்டில் நான், அந்தத் தட்டில் நீ. இரண்டு பேரும் ஒரே சாமி முன்னால் போய் நின்றால் அது பாவம் என்ன செய்யும்? நீ உன் பக்கத்துக்கு வேண்டிக்கொள். அவர் சாவை நீ கேட்டதாக நான் நினைக்க மாட்டேன். நான் என் பக்கத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். நான் கேட்பதால் உன் பிறப்பை இல்லை என்று ஆக்குகிறேன் என்று நீயும் நினைக்காதே.

இன்னொன்று. ஒத்துப்போகவில்லை என்று வந்தால், இந்த வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: அந்த எலும்பு அவருடையது இல்லை. வேறு பொருள் யாரும் எடுக்க மாட்டார்கள். நான் உயிரோடிருக்கிற வரைக்கும் எடுக்க விட மாட்டேன்.

எஸ்.ஐ.யிடம் போய் அழாத குறையாகக் கேட்டு இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். கிரீஷ் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவான். கட்டிலுக்கடியில் தேடியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மதினி,
சிவகாமி


கட்கி
28-2-2002

மதினிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் கொஞ்சம் வருகிறது.

இன்று கிரீஷோடு போய்க் கொடுத்துவிட்டேன். நர்ஸ் விரலைப் பிடித்து அழுத்தும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அட்டையில் வைத்த பிறகு பார்த்தேன். எல்லார் ரத்தம் போலவும் சிவப்பாகத்தான் இருந்தது. கிரீஷ் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான்.

வரும் வழியில் பிள்ளையார் கோவில். உள்ளே போனேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

மாடம்மாள்


கரமனை
18-4-2002

அன்புள்ள மாடம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிரீஷுக்கு அனுப்பி, அவனே நேரில் வந்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ உட்கார்ந்துகொள்.

நேற்று ஆதிரா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நின்றாள். "டீச்சர், உக்காருங்க" என்றாள். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்கிறாளே என்று நினைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒத்துப்போகிறது, மாடம்மா. தாய்வழி அடையாளம் அப்படியே ஒன்று. அதோடு விட்டுவிடாமல் மற்ற அடையாளங்களையும் பார்த்திருக்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வயதும் உயரமும் முன்பே பொருந்தியிருந்ததால் போலீசும் ஒப்புக்கொண்டுவிட்டது.

உன்னிடம் பொய் எழுதக் கூடாது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை. உன் மேல் கோபம். உனக்குக் கிடைத்துவிட்டதே என்று. உன் சின்னக் கடிதத்தை எடுத்து, வரிசையில் நின்றுவிட்டு வந்தேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். பிறகுதான் அழுகை வந்தது. அனந்தலக்ஷ்மி மாமி சத்தம் கேட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கேற்ற நேரமாகியும் எழுந்து போகவில்லை.

இன்று காலையில் எழுந்து முகம் கழுவினேன். நெற்றியில் எதுவும் வைக்கவில்லை. வைப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓராண்டு கழித்து முதல் முறையாக.

இனி நான் சொல்வதை டீச்சர் சொல்வதாக எடுத்துக்கொள். உன்னை உன் அம்மாதான் பெற்றாள். தவிடு கொடுத்ததும் வாங்கியதும் எமனை ஏமாற்றுவதற்குச் சொன்ன பொய். எமனிடம் பொய் சொல்லிவிட்டு, உன்னிடம் உண்மையைச் சொல்ல எல்லாரும் மறந்துபோய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பூக்காரி உன் தலையைத் தடவியது, தன் கை வழியாக ஒரு பிள்ளை பிழைத்ததே என்ற சந்தோஷத்தில் இருக்கும்.

அவரை அடுத்த வாரம் நம்மிடம் கொடுக்கிறார்கள். காரியத்தைக் கிரீஷ் செய்வான். சங்குமுகத்தில் கடலில் கரைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அவனோடு புறப்பட்டு வந்துவிடு. அங்கே அவருடைய பிறந்த வீட்டு ஆள் என்று நிற்க நீ ஒருத்திதான் இருக்கிறாய். பின்னால் போய் நிற்காதே, என் பக்கத்தில் நில்.

உன் மதினி,
சிவகாமி

பின்குறிப்பு: சம்பந்தி சொன்னதைக் கேட்டு சுஜா சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். முதலில் நீயும் சிரித்திருப்பாய். பிள்ளைகளை அப்படிக் கேலி செய்யாமல் இருக்க நம் ஆட்களால் முடியாது, செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் புறப்படுவதற்கு முன்னால் ஒன்று செய். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இல்லை, நீ எங்க பிள்ளைதான்" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்.